கடவுள் ஏற்கும் ஆராதனை எது? ஓர் எளிய அறிமுகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூருவில் சிவாஜிநகர், பிரேசர் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் ஒரு சுற்று வந்தால் கிறிஸ்தவ ஆராதனையின் பல வகைகளையும் கேட்டுவிடலாம். புனித மரியன்னை பசிலிக்காவில் திருப்பலி நடந்துகொண்டிருக்கும். ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் சபையார் எழுந்து நின்று பாமாலை பாடுவார்கள். இன்னொரு தெருவில், கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடியில், கீபோர்டும் டிரம்ஸும் முழங்கக் கைதட்டித் துதிப்பார்கள். நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேலைக்கு வந்து பிஜியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் சபை தேடும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எந்த சர்ச்சில் வொர்ஷிப் நல்லா இருக்கும்?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் பைபிள் அதைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கிறது. ஆராதனை யாருக்கு நன்றாக இருக்க வேண்டும்? பாடுகிறவருக்கா, கேட்கிற கடவுளுக்கா? கடவுளுக்கு என்றால், அவருக்கு எது பிரியம் என்று நமக்கு எப்படித் தெரியும்? கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் புதியவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே சர்ச்சுக்குப் போயும் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராதவர்களும் நிறைய இருக்கிறார்கள். இருவரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொடுத்தது யார்?

ஆராதனை என்றதும் பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு, பிரசங்கம், காணிக்கை, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து என்று ஒரு வரிசை நினைவுக்கு வரும். அவையெல்லாம் ஆராதனை எடுக்கும் வடிவங்கள். உள்ளே இருப்பதை இப்படிச் சொல்லலாம்: கடவுள் யார், அவர் தனக்கு என்ன செய்திருக்கிறார் என்று அறிந்துகொண்ட மனிதர் அவருக்குத் தரும் பதில்தான் ஆராதனை.

பதில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்துக் கட்டளைகளை எடுத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று அவை தொடங்குவதில்லை. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்பதுதான் முதல் வாக்கியம். விடுதலை முதலில் வந்தது. கட்டளையும் தொழுகைக் கூடாரமும் பலியும் அதற்குப் பிறகு வந்தன. புதிய ஏற்பாட்டிலும் அதே வரிசைதான். இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில், முதல் பதினொரு அதிகாரங்களில் கடவுளின் இரக்கத்தை விளக்குகிறார். பன்னிரண்டாம் அதிகாரத்தில்தான் "அப்படியிருக்க" என்று தொடங்கி, உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், இதுவே புத்தியுள்ள ஆராதனை என்கிறார். சிலுவையில் கிறிஸ்து தம்மைக் கொடுத்தாயிற்று. இனி நாம் கொடுப்பது நன்றி. விலையாக எதையும் செலுத்தவேண்டியதில்லை.

இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் முதல் சிக்கல் வருகிறது. நான் இவ்வளவு பாடினேன், இத்தனை நாள் உபவாசம் இருந்தேன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தைத் தவறாமல் கொடுத்தேன், ஆகவே நீர் எனக்கு இந்த வேலையைத் தரவேண்டும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. பைபிளின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் ஐம்பதாவதில் கடவுள் இதற்கு நேராகவே பதில் சொல்கிறார்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே." நம்மிடம் வாங்கித்தான் அவர் வாழவேண்டும் என்ற நிலை அவருக்கு இல்லை.

அப்படியானால் கேட்பதே தவறா என்றால், இல்லை. விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் கூட்டத்தில் மகனின் படிப்புக்காகவும் கணவரின் உடல்நிலைக்காகவும் மன்றாடுகிறவர்கள் ஏராளம். பைபிளில் அன்னாள் பிள்ளை வேண்டி அழுது பொருத்தனை செய்தாள். கடவுள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்பது உறவு. காசு கொடுத்தால்தான் தகப்பன் தருவார் என்று பிள்ளை நினைப்பதில்தான் துயரம் இருக்கிறது.

கிணற்றடியில் நடந்த உரையாடல்

உண்மையான ஆராதனை எது என்று இயேசுவே விளக்கிய இடம் ஒன்று இருக்கிறது: யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரம். அவர் அதை எருசலேம் ஆலயத்தில் வேத அறிஞர்களிடம் சொல்லவில்லை. சமாரியாவில், யாக்கோபின் கிணற்றருகே, நடுப்பகலில் தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்ணிடம் சொன்னார். யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாதவர்கள். அந்தப் பெண்ணோ ஐந்து கணவர்களோடு வாழ்ந்தவள். இப்போது கூட இருப்பவரும் அவள் கணவர் இல்லை. ஆராதனையைப் பற்றிய மிக ஆழமான போதனையைக் கேட்க இயேசு தேர்ந்துகொண்ட ஆள் அவள்தான்.

அவள் கேட்டது இடத்தைப் பற்றி. எங்கள் பிதாக்கள் இந்த மலையிலே தொழுதார்கள், நீங்களோ எருசலேம் என்கிறீர்கள், எது சரி? 'இந்த மலை' என்பது கெரிசீம் மலை. அங்கே சமாரியருக்கு ஒரு ஆலயம் இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கான் அதை இடித்தார். ஆகவே அவள் கேள்விக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக ஆறாத காயம் இருந்தது. சமாரியர்கள் இன்றைக்கும் அந்த மலையில்தான், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைக் கொண்டாடுகிறார்கள்.

இயேசுவின் பதில் இரண்டு மலைகளையும் தாண்டிப் போகிறது: "தேவன் ஆவியாயிருக்கிறார், அவரைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் ஆவியோடும் உண்மையோடும் அவரைத் தொழுதுகொள்ளவேண்டும்."

'ஆவியோடு' என்பதற்கு ஆழமான உணர்ச்சியோடு என்று பலர் பொருள்கொள்கிறார்கள். யோவான் நற்செய்தியை முழுவதும் வாசித்தால் அதற்கு மேலும் இருப்பது தெரியும். அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம், ஆவியினால் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்க முடியாது என்று இயேசு சொல்கிறார். கடவுளே உள்ளே உயிர் தந்து எழுப்பும் ஆராதனை என்பதுதான் பொருள். அப்படியென்றால் அவருக்குக் கொடுக்கும் பதிலைக்கூட நாம் தனியாகத் தயாரிப்பதில்லை. அதற்கும் அவரே துணை நிற்கிறார். ஜெபிக்க வார்த்தை வராதவருக்கு இது பெரிய ஆறுதல்.

'உண்மையோடு' என்பதில் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, கடவுளை அவர் இருக்கிறபடியே தொழுவது. இன்னொன்று, நான் இருக்கிறபடியே அவர் முன்னால் நிற்பது. அந்தப் பெண்ணிடம் இயேசு கணவரைப் பற்றிக் கேட்டதை மறந்துவிடக் கூடாது. அவளை அவமானப்படுத்த அவர் அதைக் கேட்கவில்லை. ஆனால் அந்த விஷயத்தை மூடிவைத்துவிட்டு மலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க அவர் விடவுமில்லை.

முதல் பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 'மனசு சுத்தமாக இருந்தால் போதும், எப்படித் தொழுதாலும் சரி' என்று சொல்லக் கேட்டிருப்போம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பைபிள் அப்படிச் சொல்லவில்லை. சீனாய் மலை அடிவாரத்தில் இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வார்த்தபோது, "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றுதான் ஆரோன் அறிவித்தார். பெயர் கர்த்தருடையது, உருவம் அவர்கள் கைகளால் செய்தது. காதணிகளைக் கழற்றிக் கொடுத்த உற்சாகத்துக்கும் குறைவில்லை. இருந்தும் அது ஏற்கப்படவில்லை. இன்று நாம் பொன்னை உருக்குவதில்லை. ஆனால் என் சாதிக்காரரை மட்டும் நேசிக்கிற கடவுள், பணக்காரனாக்குவதற்கென்றே இருக்கிற கடவுள், என் எதிரியை நான் விரும்பியபடி தண்டிக்கிற கடவுள் என்று மனதுக்குள் ஓர் உருவத்தை வார்த்து அதற்கு இயேசு என்று பெயர் வைத்துவிட முடியும். அதனால்தான் ஒரு சபையில் பாட்டைப் பார்க்கும் முன், வேதம் எவ்வளவு வாசிக்கப்படுகிறது, அதில் கடவுளைப் பற்றி என்ன கற்பிக்கப்படுகிறது என்று பாருங்கள் என்பேன்.

கடவுள் 'வேண்டாம்' என்று சொன்னபோது

ஒருவருக்கு எது பிரியம் என்று அறிய, அவர் எதை வெறுக்கிறார் என்று பார்ப்பதும் ஒரு வழி. பைபிளில் கடவுள் ஆராதனையை மறுத்த இடங்கள் பல. அவற்றை வரிசையாக வாசித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: ராகம் சரியில்லை, ஆலயம் சிறியது, கூட்டம் குறைவு என்று அவர் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

தீர்க்கதரிசி ஆமோஸ் தெக்கோவா ஊர்க்காரர். ஆடு மேய்த்தவர், காட்டத்திப்பழம் பொறுக்கினவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட நாட்களில், வட இஸ்ரவேலின் பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். நாடு செழிப்பாக இருந்த காலம் அது. பண்டிகைகள் குறையில்லாமல் நடந்தன, பலிகள் குவிந்தன, இசைக்கும் பஞ்சமில்லை. அங்கே நின்று அவர் கடவுளின் வாயாகச் சொன்னார்: "உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்." பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன் என்றும் சொன்னார். அப்புறம் கடவுள் கேட்பது என்ன? "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது."

காரணத்தை அதே புத்தகம் மறைக்காமல் சொல்கிறது. எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து தானியம் விற்கலாம், மரக்காலைக் குறைத்து விலையைக் கூட்டலாம் என்று ஆராதனை நேரத்திலேயே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா ஆமோஸைப் பார்த்து, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், வேறெங்காவது போய்ப் பேசு என்று துரத்திவிட்டான்.

ஏசாயாவின் முதல் அதிகாரம், எரேமியாவின் ஏழாம் அதிகாரம், மீகாவின் ஆறாம் அதிகாரம் எல்லாம் இதே பொருளைத்தான் பேசுகின்றன. இயேசு மலைப்பிரசங்கத்தில் (மத்தேயு ஐந்தாம் அதிகாரம்) இதை இன்னும் நெருக்கமாக்குகிறார். காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கும்போது உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்கிறார். இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். கேட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் போய் வருவதற்குப் பல நாள் நடக்கவேண்டியிருந்திருக்கும். ஆராதனை அந்தளவுக்குக் காத்திருக்கலாம் என்று சொல்ல அவர் தயங்கவில்லை.

ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவன் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ அம்மாவுக்குப் பட்டுப்புடவை வாங்கிவருகிறான். தம்பியின் பங்கை ஏமாற்றி எடுத்த பணம் அது. அம்மாவுக்கு அது தெரியும். அவளால் அந்தப் புடவையை எப்படிக் கட்ட முடியும்? அன்பு இல்லாததால் அவள் மறுக்கவில்லை. இருவருமே அவள் பிள்ளைகள் என்பதால்தான் மறுக்கிறாள். கடவுள் காணிக்கையை மறுத்த இடங்களை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

இது பழைய ஏற்பாட்டுக் காலத்தோடு முடிந்துபோனதல்ல. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதிய அறிக்கை அது. சபையில் பணிசெய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் விசாரித்திருக்கிறார். அவருக்குத் தெரியவந்தது இவ்வளவுதான்: குறித்த ஒரு நாளில் விடியும் முன் கூடுவார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு மாறி மாறிப் பாடுவார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம், தங்களிடம் ஒப்படைத்த பணத்தைக் கேட்கும்போது இல்லையென்று மறுக்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுப்பார்கள். பைபிளுக்கு வெளியே கிறிஸ்தவ ஆராதனையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. எழுதினவர் விசுவாசி அல்ல, தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தவர்.

ஒப்படைத்த பணத்தை மறுக்கமாட்டோம் என்ற அந்த வரியைப் பெங்களூருவில் வாடகை வீட்டில் இருந்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது இந்த ஊரில் நெடுநாள் வழக்கம். காலி செய்யும்போது பெயின்ட், ரிப்பேர் என்று சொல்லி அந்தப் பணத்தைப் பிடித்துக்கொள்வதும், மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் நடக்கிறது. வீட்டுக்காரர் கிறிஸ்தவராக இருந்தால், அந்த அட்வான்ஸைச் சரியாகத் திருப்பிக் கொடுப்பது அவருடைய ஆராதனையின் ஒரு பகுதி. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆதிச்சபையார் விடியற்காலையில் கூடி உறுதியெடுத்தது இப்படிப்பட்ட விஷயங்களுக்காகத்தான்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் யோசித்துப் பாருங்கள். நாம் சர்ச்சுக்குப் போய்த் திரும்பும்போது சமையல் ஆகியிருக்கவேண்டும் என்று அவருக்கு ஞாயிறு விடுமுறை தராமல் இருக்கிறோமா? உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் கொடுத்திருக்கும் காரணமே, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும் என்பதுதான்.

ஒரே அப்பம்

கொரிந்து சபையில் நடந்ததை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய கி.பி. 55இல் பவுல் அவர்களுக்கு எழுதினார். அங்கே கர்த்தருடைய பந்தி, அதாவது திருவிருந்து, முழுச் சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் உணவைச் சாப்பிட்டுக் குடித்து வெறித்தார்கள். ஒன்றுமில்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுல் எழுதுகிறார்: இது கர்த்தருடைய பந்தியே அல்ல, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள், தேவனுடைய சபையை அசட்டைபண்ணுகிறீர்கள். ஜெப வார்த்தைகள் எல்லாம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கலாம். பந்தியில் ஒருவர் அவமானப்பட்டதும் முழு ஆராதனையும் கேள்விக்குள்ளாகிவிட்டது.

தமிழ்ச் சபைகளின் வரலாற்றில் இதற்கு நம் பதிப்பு ஒன்று உண்டு. தரங்கம்பாடியில் தொடங்கிய புராட்டஸ்டன்ட் மிஷன் காலம் தொட்டே ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடங்கள் இருந்தன. திருவிருந்தில் யார் முதலில் வருவது என்பதில்கூடப் பிரிவினை இருந்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முழுமையாக ஒழியவேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஊரை விட்டு பெங்களூரு வந்தால் சாதி பின்னாலேயே வராது என்று நினைக்கிறோம். கல்யாணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் அது வந்து நிற்பதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறவரின் ஆராதனைக்கு, கொரிந்தியருக்கு எழுதிய கடிதம் நேராகவே போய்ச் சேரும். இதில் மென்மையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பிறகு அது அமைத்த திருவிருந்து முறையில் சமாதானம் பகிரும் சடங்கு மீண்டும் இடம்பெற்றது: ஒருவர் கையை இன்னொருவர் இரு கைகளுக்குள் வாங்கி, வரிசை வரிசையாக அது பின்னால் வரை போகும். கத்தோலிக்கத் திருப்பலியிலும் நற்கருணைக்கு முன் சமாதான வாழ்த்து உண்டு. அந்த நிமிடத்தில் யாருக்குக் கை நீட்ட மனம் வரவில்லையோ, அந்த ஆள்தான் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் சொல்லும் சகோதரன்.

பாட்டு, கண்ணீர், மொழி

இசையைப் பற்றிய சண்டை எல்லா ஊரிலும் உண்டு. கீர்த்தனை பாடினால்தான் பக்தி என்று ஒரு பக்கம், கிட்டார் இல்லாவிட்டால் ஆவியில்லை என்று இன்னொரு பக்கம். வேதத்தில் தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் ஆடியதும் இருக்கிறது. ஆபகூக் தீர்க்கதரிசி சொல்லும் மௌனமும் இருக்கிறது. ஆகவே இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. பவுல் ஒரு அளவுகோல் தருகிறார்: ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன். புரியாத பாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிட, மற்றவர்களுக்குப் பயன்படும்படி கருத்தோடு ஐந்து வார்த்தை பேசுவது மேல் என்கிறார்.

அந்த ஐந்து வார்த்தைதான் பெங்களூரு தமிழ்ச் சபைகளின் இன்றைய கவலையும். கத்தோலிக்கத் திருச்சபை 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம் மக்களின் மொழிக்கு வாசலைத் திறந்தது. மக்கள் முழுமையாக, அறிந்து, ஈடுபாட்டோடு பங்குகொள்ளவேண்டும் என்பது அதன் நோக்கம். லத்தீன் இருந்த இடத்தில் எந்த மொழி என்ற கேள்வி இந்தப் பன்மொழி ஊரில் மனக்கசப்பையும் கொண்டுவந்தது. சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைகளில் சிக்கல் வேறு மாதிரி. இங்கேயே பிறந்து ஆங்கில மீடியத்தில் படித்த பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், வாசிக்கத் தெரியவில்லை. பாமாலையில் 'திரியேகர்', 'கிருபாசனம்' என்று வரும்போது வாய் அசைகிறது, பொருள் போய்ச் சேர்வதில்லை. அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. பாடுவதற்கு முன் இரண்டு நிமிடம் எடுத்து அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று ஒருவர் விளக்கினால் போதும், அதே பிள்ளைகள் தலை நிமிர்ந்து பாடுவதைப் பார்க்கலாம்.

உணர்ச்சிக்கும் இதே அளவுகோல்தான். கண்ணீர் வந்தால் நல்லது, வராவிட்டால் ஆராதனை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. துக்கத்தோடு வருகிறவரை இதில் நாம் அடிக்கடி வதைத்துவிடுகிறோம். ஐடி வேலை போய், வீட்டுக்கு இன்னும் சொல்லாமல் ஆலயத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் 'எல்லோரும் சந்தோஷமாகக் கைதட்டுங்கள்' என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னால் அவர் எங்கே போவார்? சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதும் இல்லாமலே முடிந்துவிடுகிறது. அதுவும் பரிசுத்த வேதம்; ஆலயத்தில் வாய்விட்டு வாசிக்கத்தக்க ஜெபம். கடவுளிடம் 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்வது உண்மையோடு தொழுவதுதான். வலிக்காததுபோல் நடிப்பது அல்ல.

காணிக்கையைப் பற்றி ஒரே வார்த்தை. எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவை எல்லோரைவிடவும் அதிகமாகப் போட்டாள் என்றார் இயேசு. அவர் பார்த்தது, கொடுத்தபின் அவளிடம் மிச்சம் இருந்ததை. அதனால் பெரிய தொகை கொடுத்தவரின் பெயரை மைக்கில் வாசிக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பழைய ஞாயிறு எப்படி இருந்தது?

யாக்கோபின் கிணற்றுக்குப் பக்கத்திலேயே, இன்று நாப்லுஸ் எனப்படும் ஊரில், கி.பி. 100 வாக்கில் யுஸ்தீன் என்பவர் பிறந்தார். தத்துவங்களை எல்லாம் தேடி அலைந்து கடைசியில் கிறிஸ்தவரானார். 155 வாக்கில் ரோமிலிருந்து பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு ஆராதனையை வர்ணிக்கிறார். நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். நேரம் இருக்கும்வரை அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படும். தலைமை தாங்குபவர், கேட்ட நல்லவற்றைப் பின்பற்றும்படி புத்தி சொல்வார். எல்லோரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும். நன்றி ஜெபத்துக்கு மக்கள் 'ஆமென்' என்பார்கள். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மனமுள்ளவர்கள் தரும் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் போகும்.

கத்தோலிக்கத் திருப்பலியும் சிஎஸ்ஐ ஆராதனையும் லூத்தரன் ஆராதனையும் அடிப்படையில் இந்த வடிவத்தின் பிள்ளைகள்தான். அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்து எப்படி இருக்கிறார் என்பதில் அவர்களுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். மெஜஸ்டிக்கில் பஸ் இறங்கி, யாரையும் தெரியாமல் ஞாயிறு காலையில் பின்வரிசையில் வந்து உட்காரும் பையனிடம் ஆராதனை முடிந்ததும் யாராவது போய் 'எங்கேயிருந்து வர்றீங்க தம்பி, சாப்பிட்டீங்களா' என்று கேட்பது யுஸ்தீன் சொன்ன ஆராதனையைச் சேர்ந்தது.

கடைசியாக, பலரும் கேட்கும் ஒன்று

'மனசு ஒட்டவே இல்லை, வெறும் பழக்கத்துக்காகத்தான் போகிறேன், இது வேஷம்தானே, நிறுத்திவிடட்டுமா?' என்று கேட்கிறார்கள். நிறுத்தாதீர்கள். வேஷம் என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. மனசு ஒட்டவில்லை என்று தெரிந்து அந்த நிலையிலேயே வந்து நிற்பது வேஷம் அல்ல. இயேசு சொன்ன உவமையில், மதச் சட்டத்தைக் கறாராகக் கைக்கொண்ட பரிசேயன் ஆலயத்தில் நீளமாக ஜெபித்தான், மற்றவர்களை அற்பமாக எண்ணினான். வரி வசூலிக்கும் ஆயக்காரன் தூரத்தில் நின்று, கண்களை ஏறெடுக்கத் துணியாமல், "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரு வரியை மட்டும் சொன்னான். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன் அவன்தான்.

சில சின்னச் சின்ன ஏற்பாடுகள் உதவும். அந்த வார வேதப்பகுதியைச் சனிக்கிழமை இரவே ஒருமுறை வாசித்துவிடுங்கள். யாரிடமாவது மனஸ்தாபம் இருந்தால் ஞாயிறுக்கு முன் போன் செய்துவிடுங்கள்; அவர் எடுக்காவிட்டால் ஒரு செய்தியாவது அனுப்புங்கள். கொடுக்கவேண்டிய கூலியோ கடனோ இருந்தால் முதலில் அதைத் தீருங்கள், காணிக்கை அப்புறம். பத்து நிமிடம் முன்னதாகப் போய் அமைதியாக உட்காருங்கள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி, டெலிவரி வேலை என்று ஞாயிறு காலை வரவே முடியாதவர்கள் மாலை ஆராதனைக்கோ வாரநாள் ஜெபக்கூட்டத்துக்கோ போகலாம். ரோமர் பன்னிரண்டு சொல்லும் ஜீவபலியில் அந்த நைட் டியூட்டியும் அடங்கும். இவ்வளவு செய்தும் மாதக்கணக்கில் மனம் வறண்டே கிடந்தால் உங்கள் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ தனியாகப் போய்ப் பேசுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் அவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். வாரநாள் மாலையில் போனால் உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் இருக்கும்.